பாசிக்குடாக் கரையில் வளர்ந்தோம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சொந்த ஊரைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் இனிப்பான காரியந்தான். வயலூரில் பிறந்தவர் வரம்பையும் வாய்க்காலையும் சொல்வார். கோயிலூரில் பிறந்தவர் திருவிழாவைச் சொல்வார். அந்த ஊர்கள் அங்கே வாழ்ந்தவர்களுக்கே உரியவை. மற்றவர்கள் கேட்டுத்தான் அறிய வேண்டும். நான் பிறந்து வளர்ந்த இடமோ சற்று வேறானது. கல்குடா என்று நான் வாயெடுத்தவுடன், "ஓ, பாசிக்குடாவா? நாங்கள் வந்து குளித்திருக்கிறோமே" என்று எதிரில் நிற்பவர் சொல்லிவிடுவார். அதன்பின் அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு நாள் தங்கிப் போனவருக்கு அது உல்லாசபுரி. அங்கேயே பிறந்து, அந்த மணலிலேயே தவழ்ந்து வளர்ந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது? அதைச் சொல்லிப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர் தூரத்தில் இந்த இரண்டு குடாக்களும் அருகருகே கிடக்கின்றன. நடுவே ஒரு நிலமுனை. ஒரு பக்கம் கல்குடா, மறுபக்கம் பாசிக்குடா. பாசி படர்ந்த குடா பாசிக்குடா, கல் நிறைந்த குடா கல்குடா என்று எங்கள் பெரியவர்கள் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். பாசிக்குடாவின் சிறப்பு அதன் ஆழமின்மை. கரையிலிருந்து கடலுக்குள் நடந்துகொண்டே போகலாம். நீர் முழங்காலுக்கு வரும், இடுப்புக்கு வரும், அதற்குமேல் வர நெடுநேரம் செல்லும். வெளியே முருகைக்கற் பார்கள் அலையை உடைத்துவிடுவதால், உள்ளே இருக்கும் நீர் தட்டில் ஊற்றிவைத்ததுபோல இருக்கும். நீந்தத் தெரியாதவர்களுக்கு இப்படியொரு கடல் இலங்கையில் வேறெங்கும் இல்லை என்பது எங்கள் ஊரவரின் பெருமை.

காலக்கணக்கும் எங்கள் ஊருக்கு மறுவளமானது. தென்மேற்குப் பருவக்காற்று வீசி மேற்குக்கரைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எங்கள் கடல் உறங்கும். ஆனி, ஆடி மாதங்களில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காற்று அலையைக் கிடத்திவிடும். முகத்தைச் சுடும் காற்று அது. வாயெல்லாம் வரண்டு போகும். ஆனால் கடலோ கண்ணாடி. அதுவே வந்தவர்களின் காலம். கார்த்திகை பிறந்து வாடையும் மழையும் தொடங்கியதும் கரை வெறிச்சோடிப்போகும். வந்தவர்கள் மேற்கே ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுவார்கள். கடல் இரைந்துகொண்டு எங்களிடம் திரும்பி வரும்.

விடுதிகள் வருவதற்கு முந்திய கல்குடா எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. நான் பிறந்தது 1960 இல். அப்போது அங்கே ஒரு வாடிவீடு இருந்தது. சித்திரைப் புதுவருட விடுமுறைக்குக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் உத்தியோகத்தர் குடும்பங்கள் வரும். அவர்களைக் கொண்டுவந்தது புகையிரதம். மாகோச் சந்தியில் பிரிந்து, கல்லோயா, பொலன்னறுவை தாண்டி வரும் பாதை அது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும் பாலத்திலும் ஓட்டமாவடிப் பாலத்திலும் அந்நாளில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே வழிதான். ரயில் வந்தால் பஸ் காத்து நிற்க வேண்டும். அதனால் எங்களூரில் ரயிலுக்கு இருந்த மரியாதை வேறு.

என்னுடைய தகப்பனார் கல்குடாப் புகையிரத நிலையத்தில் போர்ட்டராக இருந்தார். இரவுத் தபால் ரயில் விடியற்புறத்தில் வந்து நிற்கும்போது, அவருடைய அரிக்கேன் லாம்பு மேடையில் அங்குமிங்கும் அசைவது எங்கள் வளவிலிருந்தே தெரியும். பெட்டிகளைத் தலையில் வைத்து மாட்டுவண்டிவரை கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்கள் கொடுக்கும் சந்தோசம் பத்துச் சதமோ இருபத்தைந்து சதமோ, அன்றைய தேநீருக்குச் சீனி வாங்கக் காணும். பெட்டியின் பாரத்தை வைத்தே, வந்தவர் எத்தனை நாள் நிற்பார் என்று சொல்லிவிடுவார். "இது நாலு நாள் பெட்டி, புள்ள. உங்கட அம்மாக்குச் சொல்லு, கொட்டை வறுக்கட்டும்" என்பார்.

கொட்டை என்றால் மரமுந்திரிகைக் கொட்டை. எங்கள் பக்கத்து மணல் நிலத்தில் அது தாராளமாகக் காய்க்கும். அம்மம்மாவும் அம்மாவும் உடைந்த சட்டியில் கொட்டையைப் போட்டு வறுப்பார்கள். ஓட்டின் எண்ணெய் தீப்பிடித்து எரியும்போது எழும் புகை கண்ணைக் கரிக்கும். கையெல்லாம் தோல் உரியும். உடைத்தெடுத்த பருப்பைக் கடதாசிச் சுருளில் கட்டி ஓலைப் பெட்டியில் வைத்துத் தருவார்கள். நானும் அக்காவும் கரைக்குக் கொண்டுபோய் விற்போம். பிஞ்சுக் கையின் தோல் கொடுத்து எடுத்த பருப்பு அது என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் நாங்கள் நினைத்ததில்லை. விற்று முடிந்தால் குளிக்கலாம். அதுதான் எங்கள் கணக்கு.

இப்படியிருந்த ஊர் ஒரு பத்தாண்டுக்குள் மாறியது. 1966 இல் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வகுக்கப்பட்ட சுற்றுலாத் திட்டத்தில் நாட்டை ஐந்து வலயங்களாகப் பிரித்தபோது, கிழக்குக் கரையும் அவற்றுள் ஒன்றாயிற்று. பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்தன. 1970களின் நடுவில், ஊருக்குள் குப்பி விளக்கு எரிந்துகொண்டிருந்த வேளையில், கரையோரம் மின்சார வெளிச்சம் வரிசையாகத் தெரிந்தது. இரவில் கடலுக்குப் போனவர்கள் முன்பெல்லாம் வெள்ளியைப் பார்த்துக் கரை பிடிப்பார்கள். பின்னர் விடுதி விளக்கைப் பார்த்துக் கரை பிடிக்கத் தொடங்கினார்கள்.

நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை கிடைத்தது. சமையற்கூடத்தில், தோட்டத்தில், துணி வெளுக்கும் இடத்தில் எங்கள் ஆட்கள் சேர்ந்தார்கள். சிங்கி இறாலுக்கு நல்ல விலை வந்தது. அதற்குமுன் அதை விருப்பத்துக்கு உண்போமே தவிர, விற்றுப் பணம் காண்பது அரிது. பொடியன்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தில் முட்டை வாங்கிக்கொண்டே கரையில் ஆங்கிலம் பேசினார்கள். ஜேர்மன்காரரைக் கண்டால் அவர்களுடைய மொழியில் வணக்கமும் நன்றியும் சொன்னார்கள். அதேசமயம் மீன் விலை ஏறியதென்று பெண்கள் முணுமுணுத்தார்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் வெயிற் காய்பவர்கள் படுத்திருந்தார்கள். அம்பாப் பாடிக்கொண்டு கயிறு இழுக்கும் இருபது முப்பது பேரும் சிறிது தள்ளிப் போக வேண்டியதாயிற்று.

அம்மம்மாவுக்கு அந்த வெயிற் காய்தல் கடைசிவரை விளங்கவில்லை. "பாவங்கள், அதுகளுக்கு ஊரில வெயிலே இல்லையாம்கா. இஞ்ச ஒள்ளுப்பம் வாங்கிக்கிட்டுப் போகுதுகள்" என்று இரங்குவார். கொழும்பிலிருந்து வருபவர்களோ வேறொன்றைத் தேடுவார்கள். காலிமுகத்திடலில் பார்த்துப் பழகியவர்கள் மாலை ஆனதும் கமராவுடன் மணலில் வந்து உட்கார்ந்து, சூரியன் கடலில் விழுவதற்குக் காத்திருப்பார்கள். அது எங்களூரில் நடவாத காரியம். எங்கள் சூரியன் கடலில் எழுந்து பனங்கூடலுக்குள் விழுவான். முதுகுப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும்போதுதான் அவர்களுக்கு விசயம் விளங்கும். நாங்கள் ஒளிந்திருந்து சிரிப்போம்.

இனி என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. இந்த உரையில் நான் சொல்ல வந்த விசயம் அவரோடு சேர்ந்தது.

மாமா மீன்பிடிகாரர். சிறிய தோணி ஒன்று வைத்திருந்தார். உல்லாசப் பயணிகள் கூட வந்ததும், காலையில் வலையை முடித்துவிட்டு, பத்து மணிக்குமேல் அவர்களை முருகைக்கல் பார்க்க ஏற்றிப் போவார். ஆழமில்லாத குடாவானபடியால் கம்பூன்றியே தோணியைக் கொண்டுபோகலாம். அவர் கையாலேயே ஒரு பெட்டி செய்திருந்தார். நாலு பக்கமும் பலகை, அடியில் கண்ணாடி. இடுக்குகளுக்குக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசியிருந்தார். அதை நீரின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தால் கடலின் அடி வீட்டு முற்றம்போலத் தெரியும். மான்கொம்புபோலக் கிளைத்தவை, மூளைபோல மடிந்தவை, அவற்றுக்கிடையே நீலமும் மஞ்சளுமாக மீன்கள். அந்தப் பெட்டிக்காகவே அவரைத் தேடி வந்தார்கள்.

அவர் அதிகம் படித்தவரல்லர். ஆனால் முருகைக்கல்லைப் பற்றி அவருக்குத் தெளிவான எண்ணம் இருந்தது. எங்கள் பகுதியில் அக்காலத்தில் முருகைக்கல்லை உடைத்தெடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு செய்தார்கள். அந்தச் சூளைப் புகையைக் காணும்போதெல்லாம் மாமாவுக்குக் கோபம் வரும். "வீட்டு வேலியப் புடுங்கி அடுப்பெரிக்கிற மாதிரி இரிக்கு, மருமகன். வேலி போனா மறுகா கடல் சும்மா இரிக்குமா?" என்பார். கடலோரப் பாதுகாப்பைப் பற்றி அறிஞர்கள் பின்னாளில் எழுதியவற்றை நான் படித்தபோது, அவர்கள் சொன்ன கருத்தும் இதுவே என்று கண்டேன்.

மாமாவைப் படம் பிடிக்காத பயணி இல்லை. நல்ல உயரம், கறுத்த உடம்பு, சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கும். கம்பூன்றி அவர் தோணியின் பின்முனையில் நிற்கும்போது, கடலும் வானும் அவருக்குப் பின்னால் விரிந்து கிடக்கும். கமராவைத் தூக்காமல் யாரால் இருக்க முடியும்? எங்களையும் படம் எடுத்தார்கள். ஓலைப் பெட்டியுடன் நான், சட்டை இல்லாமல் சின்னத் தம்பிமார், வலை பொத்திக்கொண்டிருக்கும் கிழவர்கள். எங்களிடம் கமரா இல்லை. ஊரில் யாரிடமும் இல்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதென்றால் வாழைச்சேனைக்குப் போக வேண்டும். மாமாவோ அதைப் பகிடியாக எடுத்துக்கொள்வார். "அவங்கட பெட்டிக்குள்ள நாம எல்லாரும் இரிக்கம். காசில்லாம ஜேர்மனி, பிரான்ஸ் எல்லாம் சுத்திப் பாக்கிறம். மறுகா என்ன வேணும்?" என்று சிரிப்பார்.

படத்தை அனுப்புகிறோம் என்று விலாசம் எழுதிக்கொண்டு போனவர்கள் பலர். 1974 ஆம் ஆண்டில் ஒரே ஒருவரிடமிருந்து கடித உறை வந்தது. தபாற்காரர் அதைக் கொண்டுவந்தபோது அயல் முழுவதும் எங்கள் முற்றத்தில் கூடிவிட்டது. உள்ளே ஒரு வர்ணப் படம். நடுவில், தொப்பி போட்ட வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் ஓலைப் பெட்டியுடன் கூசிக்கொண்டு நிற்கும் நான். படத்தின் வலது ஓரத்தில் தோணியின் பின்முனையும், கம்பைப் பிடித்த ஒரு கையும். முழங்கைக்கு மேல் படம் இல்லை. அந்தக் கை மாமாவுடையது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "எனக்குக் கை மட்டும் வெளிநாடு போயிருக்கு" என்று மாமாதான் கூடச் சிரித்தார். அம்மா அதை றங்குப்பெட்டியில், கலியாணச் சேலையின் அடியில் வைத்தார்.

பிள்ளைப் பருவத்தின் இன்பங்கள் எல்லாம் விடுதியைச் சுற்றியே இருந்தன என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. எங்களுக்கென்று வேறோர் ஊர் அதற்குள்ளேயே இருந்தது. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போய் வாய் ஒட்டும்வரை தின்போம். சட்டித் தயிரில் தேனை ஊற்றிப் பிசைந்து, விரலைச் சூப்பிக்கொண்டே ஓடுவோம். வாழைச்சேனைக் காகித ஆலைக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லொறிகளின் பின்னால் ஓடி ஒரு பிடி இழுப்போம். எங்களுடைய கொப்பிகளின் தாள் அந்த வைக்கோலில்தான் பிறக்கிறது என்று ஆசிரியர் சொன்னபோது, கொப்பியை மோந்து பார்த்தவர்கள் உண்டு. மழைக்காலத்தில் விடுதிகள் அரைவாசி மூடிக்கிடக்கும்போது வெறுங்கரை முழுவதும் எங்களுக்கு. கடல் கொண்டுவந்து போட்ட மரக்கட்டை, சிப்பி, அறுந்த வலைத்துண்டு எல்லாம் எங்கள் சொத்து. உல்லாசப் பயணியின் கண்ணுக்கு அது ஊரின் பாழ்க்காலம். எங்களுக்கோ அதுவே ஊர் எங்களிடம் இருந்த காலம்.

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. அந்த இரவை நேரிற் கண்டவர்களுக்கு வருணனை வேண்டியதில்லை. காணாதவர்களுக்கு எந்த வருணனையும் போதாது. விடியும்போது தென்னந்தோப்புகள் தலையில்லாமல் நின்றன. அநேகம் வேரோடு கிடந்தன. கூரை இருந்த வீட்டை எண்ணிவிடலாம். எங்கள் றங்குப்பெட்டி மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது. சேலை நனைந்து சாயம் போனது. படம் மட்டும் ஒரு மூலையில் கறைபட்டுத் தப்பியது. ஊர் மீண்டும் எழும்பியது. விடுதிகளும் திருத்தப்பட்டன. மாமா புதிய கண்ணாடி போட்டுப் பெட்டியைச் சரிப்படுத்தினார்.

பிறகு வந்தவற்றிலிருந்து ஊர் எழும்பவில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு வெளிநாட்டவர் வருகை வற்றியது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது கிழக்கு மாகாணம் பட்டதை நான் இங்கு விரிக்கவில்லை. நாங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினோம். விடுதிகள் கைவிடப்பட்டன, சுவர்கள் குண்டுபட்டு நின்றன, கதவும் நிலையும் காணாமற் போயின. புகையிரதம் நின்றும் ஓடியும் நின்றது. அந்த ஆண்டில் ஒரு நாள், விட்டுவந்த தோணியைப் பார்த்துவருகிறேன் என்று போன மாமா திரும்பி வரவில்லை. அவருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து.

மாமி தேடாத இடம் இல்லை. முகாம்கள், ஆஸ்பத்திரிகள், கோயில்கள், சாத்திரிமார் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைந்தார். சில ஆண்டுகள் கழித்து, காணாமற் போனவர்களின் விபரங்களைப் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் அவரும் போனோம். நீண்ட வரிசை. ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு படம். கண்ணாடிச் சட்டமிட்ட கலியாணப் படம், பாடசாலைப் படம், அடையாள அட்டைப் பிரதி. எங்கள் முறை வந்தபோது மேசையில் இருந்தவர் பணிவாகவே கேட்டார்: "அவருடைய படம் ஒன்று இருக்கிறதா, அம்மா?"

அடையாள அட்டை மாமாவின் சட்டைப் பைக்குள் போய்விட்டது. வீட்டிலிருந்தவை வீட்டோடு போயின. மாமி மடியை அவிழ்த்து அந்த 1974 ஆம் ஆண்டுப் படத்தை எடுத்து வைத்தார். மேசையில் இருந்தவர் தொப்பி போட்ட அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். மாமி விரலை ஓரத்தில் வைத்து, "இந்தக் கைதான் ஐயா" என்றார். அவர் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். பத்திரத்தில் படம் ஒட்டும் கட்டம் வெறுமையாகவே போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி சொன்னது என் காதில் இன்றும் இருக்கிறது. "எத்தின சனம் அந்த மனுசனப் படம் புடிச்சுது. உலகமெல்லாம் அவர்ர முகம் கிடக்கு. எனக்கிட்ட இல்லியே, மகன்."

நேயர்களே, நமது இலக்கண நூலார் கடல் நிலத்தை நெய்தல் என்று வகுத்து, அதற்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தார்கள். கடலுக்குப் போனவனைக் கரையில் இருந்து எண்ணி இரங்குவது அது. உல்லாசக் கடற்கரையில் வளர்ந்த எங்களுக்கு இளமையில் அது பொருந்தாத பாடமாகத் தோன்றியது. எங்கள் கரையில் சிரிப்பும் இசையுமல்லவா கேட்டன! மாமியைப் பார்த்த பிறகே, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த வகுப்பில் எத்தனை அனுபவம் திரண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

எழுத்தாளர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். மட்டக்களப்பு மண்ணை நம்மவர்கள் நிறையவே பாடியிருக்கிறார்கள். பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' எங்கள் வழக்குகளையும் பாடல்களையும் தொகுத்துத் தந்தது. சுவாமி விபுலானந்தர் மட்டக்களப்பு வாவியின் இசையை 'யாழ் நூல்' வரை கொண்டுபோனார். வயலும் வாவியும் இலக்கியமாயின. ஆனால் விடுதித் துணியை வெளுத்தவனும், கொட்டை வறுத்துக் கை வெந்தவளும், பயணிக்குத் தோணி ஊன்றியவனும் நான் படித்தவற்றில் அரிதாகவே வருகிறார்கள். அவர்களும் இந்தக் கரையின் மக்களே. வந்தவர்கள் எங்களைக் காட்சியாகப் பார்த்தார்கள். அது அவர்கள் தொழில். நாமும் நம்மை அப்படியே பார்த்துவிட்டு விடலாமா?

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அந்தக் கரையையும் அடித்தது. 2009 இல் யுத்தம் முடிந்தது. 2011 இலிருந்து பாசிக்குடாவில் மீண்டும் விடுதிகள் எழுந்தன. முன்னையவற்றிலும் பெரியவை, நீச்சற் குளங்களோடு கூடியவை. கடலின் விளிம்பில் நீச்சற் குளம் எதற்கு என்று அம்மம்மா இருந்தால் கேட்டிருப்பார். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பிறகும், 2020 கொள்ளைநோயின்போதும், 2022 நெருக்கடியின்போதும் அவை வெறிச்சோடின. பிறகு மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். விடுதிக்கும் விடுதிக்கும் இடையே ஒடுங்கிய பாதையால் இறங்கினால் கடலைக் காணலாம். மீனவரின் வள்ளங்கள் குடாவின் ஒரு புறத்தில் ஒதுங்கி நிற்கின்றன. பொதுமக்கள் குளிக்கும் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். சிங்களமும் தமிழும் கலந்து கேட்கின்றன. குழந்தைகள் இடுப்பளவு நீரில் நின்று கூச்சலிடுகின்றன. நீர் அன்றுபோலவே இருக்கிறது. அதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. யாரும் வராமல் கிடந்த கடற்கரையை நாங்கள் இருபது ஆண்டு பார்த்தோம். அதைவிடக் கூட்டம் நல்லது.

மாமாவின் பேரன் அங்கே ஒரு விடுதியில் வேலை செய்கிறான். தாத்தாவின் உயரம் அவனுக்கு. பயணிகள் கைபேசியில் அவனையும் சேர்த்துப் படம் எடுக்கிறார்கள். அவனுக்கே உடனே அனுப்பியும் விடுகிறார்கள். லீவில் வரும்போது அந்தப் படங்களைப் பாட்டிக்குக் காட்டுவான். மாமிக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விதான்: "முகம் விழுந்திருக்கா, மனே?"

இந்த உரையைக் கேட்பவர்களில், அல்லது பின்னர் இதை வாசிப்பவர்களில், 1970களில் பாசிக்குடாவுக்கு வந்து குளித்தவர்கள் இருக்கலாம். கொழும்பிலும் கண்டியிலும் இருக்கலாம்; புலம்பெயர்ந்து கடல் கடந்த நாடுகளிலும் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பழைய அல்பத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். நடுவில் நிற்கும் உங்களைப் பார்த்து முடிந்ததும், ஓரத்தையும் பின்னால் இருப்பவர்களையும் பாருங்கள். உயரமான ஒரு மனிதர், தோணியின் பின்முனையில் கம்பூன்றி நிற்பார். காலடியில் கண்ணாடி வைத்த ஒரு மரப்பெட்டி இருக்கும். அப்படி ஒரு படம் அகப்பட்டால், அதில் முகம் தெரிந்தால், இந்த நிகழ்ச்சியின் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். மாமிக்கு எழுபத்தைந்து வயதாகிறது.